எடுத்துக் கொடுக்காதவர்

மாமல்லபுரம் கடற்கரையில் எதையாவது தொலைத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அரைக்கால் சட்டை, வெயிலில் வெளுத்துப்போன முழுக்கைச் சட்டை, காதை மூடிய ஹெட்போன், கையில் நீளக் கம்பின் நுனியில் தட்டு மாட்டியது போல ஒரு கருவி. மெட்டல் டிடெக்டர் என்று நாம் சொல்வதை அவர் மிசினு என்பார். மோதிரம், கம்மல், கொலுசு, பைக் சாவி, எது மணலுக்குள் போனாலும் சங்குக் கடைக்காரர்கள் அவருக்குத்தான் போன் போட்டுக் கொடுப்பார்கள். வருவார், தேடுவார், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

மிசினு கத்திய இடத்தில் குந்திக்கொண்டு ஒரு சின்னக் கரண்டியால் மணலை ஒதுக்குவார். பொருளின் ஓரம் மினுங்கியதும் எழுந்து பின்னால் நகர்ந்துவிடுவார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். “உங்க பொருளு. நீங்களே எடுத்துக்குங்க” என்பார். தேடுவது அவர் வேலை, எடுப்பது அவரவர் வேலை. இதில் தள்ளுபடி கிடையாது.

நான் கல்யாண போட்டோகிராபர். கல்யாணத்துக்கு முன்பே ஜோடிகளை அழைத்து வந்து, அலையில் ஓடவிட்டு, சுற்றவிட்டு, ஒருவரை ஒருவர் தூக்கவிட்டுப் படம் எடுக்கிற பிழைப்பு. முழங்கால் தண்ணீரில் நின்று மோதிரம் மாட்டினால் படம் அழகாக வரும் என்று எவனோ ஆரம்பித்து வைத்தான். ஈர விரலில் மோதிரம் நிற்காது என்று ஜோடிகளுக்கும் தெரியாது, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அந்த வகையில் அவருக்கு அதிகம் வேலை கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு தடவை அம்பத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரின் மோதிரம் போய்விட்டது. இவர் வந்து, அலை வந்து திரும்பும் ஓரத்திலேயே மெதுவாக நடந்து, ஓர் இடத்தில் உட்கார்ந்தார். மணலை ஒதுக்கினார். மஞ்சளாக ஒரு கீற்று தெரிந்தது. எழுந்து பின்னால் போய்விட்டார். மாப்பிள்ளையோ தூரத்தில் யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தார். பெரிய அலை ஒன்று திரண்டு வந்துகொண்டிருந்தது.

“அண்ணாத்த, அல வருது. எட்த்துடு” என்றேன்.

“அவர கூப்புடு தம்பி.”

“அவரு வர்றதுக்குள்ள போயிடும். குனிஞ்சி எடேன்.”

“போனா மறுக்கா தேடறேன். அவர கூப்புடு.”

அலை வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து தேடினார், வெயில் இறங்கும்வரை. எனக்கு வெளிச்சம் போயிற்று, படம் போயிற்று. எனக்குச் சாதாரணமாகவே கோபம் முன்னால் வந்து நிற்கும். அன்று அவரைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது கேட்காமலிருந்தார். மோதிரம் கிடைத்தது. மாப்பிள்ளையே குனிந்து எடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து உருகிவிட்டார். பிறர் பொருளைத் தொடாத மகான் என்றார். வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆட்கள் அவரைத் தேடி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும். ஆனால் நின்றார்.

அவர் உடுப்பில் பாக்கெட் கிடையாது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். சட்டைப் பாக்கெட்டைப் பிரித்து எடுத்திருந்தார், அந்த இடம் மட்டும் துணி வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. அரைக்கால் சட்டைப் பைகளின் வாயைத் தைத்து மூடியிருந்தார். போன் ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கியது. டீக்கடையில் வைத்து நான் கிண்டல் செய்தேன். “இன்னா அண்ணாத்த, தையக்காரன் துணிய மிச்சம் புட்ச்சிட்டானா?”

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல ஆரம்பித்தார். “மின்ன ஒரு ஓட்டல்ல ரூம் க்ளீன் பண்ணிகினு இருந்தேன். கட்டிலுக்கு அடியில ஒத்தக் கம்மல் கெடந்துச்சு. எட்த்துகினு போயி ஆபீசுல குட்த்தேன். அந்தம்மா வந்துச்சு. கம்மல வாங்கிகினு, இன்னொண்ணு எங்கன்னு கேட்டுச்சு.”

“அப்பால?”

“அப்பால இன்னா. எல்லாரும் அத்தயேதான் கேட்டாங்க. எட்த்தவனும் நானு, கொண்டாந்து குட்த்தவனும் நானு. என்னத்தான கேப்பாங்க? பேசாம பெருக்கித் தள்ளியிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்.”

வேலை போயிற்று. அதே சமயம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, சுமக்க முடியாமல் அந்த மிசினை விட்டுப் போனாராம். லாட்ஜ்காரருக்கு அது வேண்டாத சாமான். இவர் வாங்கிக்கொண்டு, அந்த ஓட்டலுக்கு எதிரே இருக்கும் மணலில்தான் முதன்முதலில் தேட ஆரம்பித்தார். அந்த இன்னொரு கம்மலை.

“கெடச்சுதா?”

“ஆணி, சோடா மூடி, தூண்டில்ல கட்ற ஈயம். கடக்கரைல இல்லாதது கெடையாது. அது மட்டும் கெடைக்கல.”

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. வீடுகளுக்குப் போக மாட்டார். தோட்டத்தில் வளையல், கிணற்றடியில் மூக்குத்தி என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். மறுத்துவிடுவார். காரணம் கேட்டால், “கடக்கரைல தொலஞ்சா கடல் மேல பழிய போட்டுட்டுப் போயிடுவாங்க. வூட்டுல தொலஞ்சா ஆள் மேலதான் போடுவாங்க. ஆள் மேல பழி கீற எடத்துக்கு நான் வர்ல” என்பார். இதை நான் அவருடைய கிறுக்குகளில் இன்னொன்றாக எண்ணி விட்டுவிட்டேன்.

படாளத்தில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. பாதி நிலத்தை விற்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். பேரனுக்குப் பிறந்தநாள் என்று என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கேக் வெட்டி, தின்று முடித்து, எல்லோரும் படுத்தாயிற்று. மறுநாள் காலை பெரியம்மாவின் தாலிக்கொடியைக் காணவில்லை. கொக்கி விட்டுப்போயிருந்ததால், கடைக்குக் கொடுக்க வேண்டும் என்று கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, டிவிக்குப் பக்கத்தில், கேக் வெட்டிய மேஜையின் ஓரத்தில் வைத்திருந்தாளாம். கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிக்கொண்டிருந்தவள் அமுலு. அதே ஊர்க் காலனிக்காரி. முந்தின நாள் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேக் வெட்டுவதற்கு முன்பே போய்விட்டாள். காலையில் வந்து கூடத்தைப் பெருக்கினாள். பெருக்கியவள் அவள், காணோம் என்றால் வேறு யார்? கேள்வியே எழவில்லை. அவளைப் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பொருள் வரவில்லை என்றால் போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். நான் பின்பக்கம் போனபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. “அண்ணா, நான் எடுக்கல” என்று மட்டும் சொன்னாள். அங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

நான் அவருக்குப் போன் செய்தேன். வழக்கம் போல வீட்டுக்கு வர மாட்டேன் என்றார்.

“ஒரு பொண்ண குந்த வெச்சிக்கிறாங்க அண்ணாத்த. நீ வந்து கண்டுபுட்ச்சின்னா வுட்டுடுவாங்க.”

“தம்பி, உனக்குத் தெரியல. கெடைக்கலன்னா சந்தேகம். கெடச்சா தீர்ப்பு.”

“அதெப்படி? கெடச்சா அவ எடுக்கலன்னு ஆயிடும்ல?”

 “அந்தப் பொண்ணுக்கு கொழந்த கீதா?” என்று கேட்டார். இருக்கிறது, காய்ச்சலாகக் கிடக்கிறது என்றேன். பஸ் பிடித்து வந்துவிட்டார்.

வீட்டுக்குள் எதையும் தேடவில்லை. நேற்று ராத்திரி குப்பையை யார் எங்கே கொட்டினார்கள் என்று கேட்டார். பேப்பர் தட்டு, கேக் டப்பா, பலூன் எல்லாவற்றையும் மேஜை மீதிருந்து வழித்து அள்ளிக்கொண்டு போனது என் அண்ணி. நானே பார்த்தேன். அதைச் சொன்னதும் நேராகத் தோட்டத்து எருக்குழிக்குப் போனார். மாடுகளை விற்றுப் பல வருஷமாகிறது, குழி மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டுக் குப்பை எல்லாம் அதில்தான் போகும்.

மிசினைத் தாழ்த்தியதுமே கத்தியது. ஒரு குச்சியால் தட்டுகளை விலக்கினார். கசங்கிய டிஷ்யூ பேப்பர், அதன்மேல் கேக்கின் ரோஸ் க்ரீம், அதற்குள் தாலிக்கொடி. குச்சியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். கைகள் முதுகுக்குப் போயின. “அம்மா, நீங்களே எடுத்துக்குங்க.”

பெரியம்மா குழிக்குள் பாய்ந்து இறங்கி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அமுலுவைப் பார்த்தேன். அவள் கல்லிலிருந்து எழுந்துவிட்டாள். அத்தோடு எல்லோரும் வீட்டுக்குள் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மிசினு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. குழியின் அடியிலும் ஏதோ இருந்தது. “இன்னாப்பா, இன்னும் எதோ கீது போல. தோண்டு” என்றார் பெரியப்பா. அவர் தயங்கினார். “வந்த வேல முடிஞ்சிதுங்க ஐயா” என்றார். பெரியப்பா விடவில்லை. அப்போது அவர் மிசினைப் பிடித்தபடி அமுலு நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு எண்ணம் ஓடியதை நான் கண்டேன். இந்த வீட்டுப் பொருள் தானாகவே குப்பையோடு போகிறது என்று காட்டிவிட்டால், இனி ஒருநாளும் இவளைக் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நினைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரையும் நம்பி நான் பார்த்ததில்லை, அன்று எங்கள் வீட்டை நம்பினார்.

மண்வெட்டி வாங்கித் தோண்டினார். ஒரு குழந்தைக் கொலுசு வந்தது. வெள்ளி விளக்குக் கரண்டி வந்தது. பீரோ சாவி ஒன்று, துருப்பிடித்து வந்தது. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த பொருள். அந்தக் கொலுசுக்காக நான் பள்ளிக்கூடம் படிக்கையில் ஒரு கிழவியை அடித்துத் துரத்தினார்கள். கரண்டிக்காக ஒரு அம்மாவையும் மகளையும் சாமி படத்தின் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். சாவிக்கு யார் போனார்கள் என்று நினைவில்லை, யாரோ போயிருப்பார்கள். திருடினதாகச் சொல்லப்பட்ட எல்லாம் தோட்டத்தில் குப்பைக்கு அடியில் இருந்தது.

அவர் தன்னை மறந்துவிட்டார். கொலுசைக் கையில் எடுத்து, தன் சட்டையில் மண்ணைத் துடைத்தார். நான் பார்த்து அவர் கையால் ஒரு பொருளை எடுத்தது அன்றுதான். எடுத்து, பெரியம்மாவிடம் நீட்டவில்லை. அமுலுவிடம் தூக்கிக் காட்டினார். “பாத்தியா புள்ள? எல்லாம் குப்பையோட வந்துக்கினு கீது. யாரும் எடுக்கல, பாத்தியா?”

 பெரியப்பா அவரை அப்போதுதான் முதல் தடவை சரியாகப் பார்த்தார்.

“எந்த ஊரு நீ?”

“கருங்குழிங்க.”

“கருங்குழியில எங்க?”

“காலனிதாங்க. அத்ததான கேக்கறீங்க.”

பெரியப்பா தலையை ஆட்டினார், புரிந்துவிட்டது என்பது போல. பெரியம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அவள்தான் வாய் திறந்தாள். “அதான பாத்தேன். வந்தவன் நேரா குழிக்குப் போறானேன்னு. எல்லா சிறுக்கிங்களும் இங்கதான் பொதச்சி வெச்சிகினு இருந்திருக்காளுங்க. நாள் பாத்து எடுத்துகினு போலாம்னு. இவளும் காலைல கொண்டாந்து போட்டுட்டுக் குந்திகினு கீறா.”

நான் கத்தினேன். அண்ணிதான் குப்பையை அள்ளினாள், கேக் க்ரீம் ஒட்டியிருக்கிறது, அமுலு அப்போது வீட்டிலேயே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணி தரையைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. “நீ சும்மா இருடா. உனக்கு இன்னா தெரியும்” என்றார் பெரியப்பா. படித்தவர், கடை நடத்துகிறவர், கோயில் கமிட்டியில் இருக்கிறவர். கண் முன்னால் கிடக்கிற பொருளைப் பார்த்துவிட்டு எதிர்ப் பக்கமாக நடந்து போகிற புத்தியை எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. என் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பொருள் கிடைத்துவிட்டதால் போலீசுக்குப் போகவில்லை. அதைப் பெரிய மனசு என்று ஊரில் சொன்னார்கள். அமுலுவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவள் அவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனாள். நின்றாள். “நீங்க எதுக்குண்ணா வந்தீங்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. “காலைலேர்ந்து கேட்டுகினுதான் இருந்தாங்க. இப்ப நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டாங்க” என்றாள். அவர் கையில் அந்தக் கொலுசு இன்னும் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

படாளம் பஸ் ஸ்டாப் வரை நான் அவருடன் நடந்தேன்.  நான் மன்னிப்புக் கேட்டது லாரிச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்றும் தெரியாது.

அடுத்த வாரமே பெரியப்பாவின் தெருவிலிருந்து எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன. தங்கள் வீட்டு எருக்குழியிலும் வேலைக்காரிகள் எதைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், அந்த ஆளை அழைத்து வர வேண்டுமாம். ஆளைப் பற்றிக் குறை இல்லை, மிசினு நன்றாக வேலை செய்கிறதாம். நான் அவரிடம் சொல்லவே இல்லை. எல்லோர் நம்பரையும் பிளாக் செய்தேன். பெரியப்பா நம்பரை முதலில் செய்தேன்.

அவர் கடற்கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் முறை மாறிவிட்டது. மணலை ஒதுக்குவதையும் விட்டுவிட்டார். மிசினு கத்தினால் குதிகாலால் ஒரு வட்டம் போடுவார். “இதுக்குள்ள தோண்டிப் பாருங்க” என்பார். தோண்டுவதற்குள் நடந்து போய்விடுவார். கிடைத்ததா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நன்றி சொல்லப் பின்னால் ஓடியவர்கள் உண்டு. அவர் வேகமாக நடப்பார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அவரே என்னைத் தேடி வந்தார். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், குழந்தைகள் விளையாடும் மணல் திட்டில் யாருக்கோ மோதிரம் விழுந்துவிட்டதாம்; வீடில்லை, மணல்தானே என்று போயிருக்கிறார். வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்தால் கேட்டில் வரிசை நிற்கிறது. வேலை முடித்துப் போகிற பெண்கள். செக்யூரிட்டி ஒருவன் கையில் சின்ன மிசினு வைத்து, ஒவ்வொருத்தியையும் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து அனுப்புகிறான். வரிசையில் அமுலு.

“என்னப் பாத்ததும் சிரிச்சிச்சு தம்பி. கொழந்த நல்லா கீதுன்னுச்சு. எனக்குத்தான் தாங்கல. இன்னா புள்ள, இப்பிடி கைய தூக்கி நிக்க வெச்சி தடவறானே, இத்த ஒத்துகினு வேல செய்யறியேன்னு கேட்டுட்டேன்.”

அவர் மிசினின் தட்டில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். 

“அது இன்னா சொல்லிச்சு தெரியுமா? ‘இது நல்லாதாண்ணா கீது. மிசினு கத்தலன்னா போன்னு வுட்டுடறான். அந்த வூட்டுல அத்தினி வருசம் இருந்தேன், ஒரு நாளு ஒருத்தர் வாயில வர்ல. இங்க தெனம் சாயங்காலம் ஒருத்தன் நான் திருடலன்னு சொல்லி அனுப்பறான்.’”